மாதுங்காவில் ஒரு கொக்கு மரம்

பம்பாய்க்குப் போய் வந்தேன் என்றதும் எல்லோரும் சமுத்திரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் சமுத்திரத்தைப் பார்க்கவில்லை. இருந்த மூன்று நாளும் ஒரு மரத்தையே சுற்றிக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால்தான் எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

யுத்தம் ஓய்ந்த ஆவணி மாதம் அது. எங்கள் அண்ணா பிள்ளை மணிக்கு மாதுங்காவிலிருந்து ஒரு பெண்ணின் ஜாதகம் வந்து பொருந்தியிருந்தது. அண்ணாவுக்கு மூட்டு வலி. மணிக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்குக் கோயம்புத்தூரில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை, பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஆகவே போகவேண்டியவன் நான்தான் என்று முடிவாயிற்று. கிளம்பும்போது அண்ணா இரண்டே விஷயம் சொன்னார். பெண்ணைப் பிடித்தது, பிடிக்கவில்லை என்று வாயைத் திறக்கக் கூடாது. அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. சம்பந்தம் நிச்சயமாகும் முன் பெண் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டால், மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொன்ன மாதிரி. பஜ்ஜி, காபி வரைக்கும் போகலாம், அதற்கு மேல் கூடாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தாதர் ஸ்டேஷனுக்குப் பெண்ணின் தகப்பனார் சிவராமையர் வந்திருந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் தலைமை குமாஸ்தா, பாலக்காட்டுப் பூர்வீகம், ஒல்லியான மனுஷர். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தும் குடையை விரித்தபடியே நடந்தார். கேட்டதற்கு, பழக்க தோஷம் என்றார். பெண் வீட்டில் தங்குவது முறையல்ல என்பதால் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு மெஸ்ஸில் எனக்கு அறை பிடித்திருந்தார்.

மெஸ் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரசம் எங்கள் ஊர் ரசம்தான். அரிசிதான் ரேஷன் அரிசி, சிவப்பாக, மூட்டை வாசனையோடு இருந்தது. பக்கத்து இலைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஊரிலிருந்து வந்தவனா என்று விசாரித்தார். ஆமாம் என்றதும், அரிசி ஏதாவது கொண்டு வந்தேனா என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

அன்று சாயங்காலம் சிவராமையர் சும்மா ஒரு காபிக்கு என்று வீட்டுக்கு அழைத்துப் போனார். முறைப்படி பெண் பார்ப்பது ஞாயிறு மாலை நல்ல நேரத்தில் என்று ஏற்பாடு. கட்டடத்தின் பின்புறச் சந்து வழியாக, தோட்டிகள் ஏறி இறங்குகிற இரும்புச் சுருள் படியில் என்னை ஏற்றினார். முன் வாசலில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள் என்றார். உள்ளே ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. புழுக்கத்தில் நான் விசிறிக்கொண்டிருக்கையில் லலிதா காபி கொண்டு வந்து வைத்தாள். இருபது வயதிருக்கும், அமைதியான முகம். அந்தச் சமயம் பார்த்து வெளியே, “க்வாக்” என்று ஒரு சத்தம். தொடர்ந்து பத்து இருபது க்வாக். மேல் வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா என்றார் சிவராமையர். எனக்கு மனசு கேட்கவில்லை. தூதுவளையைக் கஷாயம் வைத்துக் கொடுக்கலாமே என்று பக்குவம் எல்லாம் விவரமாகச் சொன்னேன். லலிதா சிரிக்கப் போனாள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்று முகம் வாடிவிட்டது. பாதி டம்ளர் காபியோடு நான் எழுந்துவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. சமுத்திரத்தைப் பார்த்துவிடுவது என்று விடியற்காலையில் கிளம்பி, சர்க்கிளில் நின்ற டிராமில் ஏறி உட்கார்ந்தேன். வெகு நேரம் உட்கார்ந்தேன். கடைசியில் கண்டக்டர் மராத்தியில் ஏதோ சொன்னான். பக்கத்திலிருந்த பால்காரர் அதைத் தமிழாக்கினார். “இந்த வண்டிக்கு உடம்பு சரியில்லையாம், இன்னிக்குப் போகாதாம்.” இறங்கி நடந்தேன். மழை தூற ஆரம்பித்தது. ரயில் பாலம் ஒன்றைக் கடந்தேன். கடந்திருக்கக் கூடாது என்பது பிறகு தெரிந்தது.

மழை கனத்துவிட்டது. நாலு அடிக்கு அப்பால் எல்லாம் வெள்ளையாகக் கரைந்து போயிற்று. அந்த வெள்ளைக்குள்ளிருந்து முதலில் தோல் பதனிடுகிற வாசனை வந்தது. பிறகு தமிழ் வந்தது. யாரோ ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரியைத் திருநெல்வேலித் தமிழில் திட்டிக்கொண்டிருந்தாள். ஆயிரம் மைல் தாண்டி வந்து, ஓலையும் தகரமுமாக வேய்ந்த குடிசைகளுக்கு நடுவில் நனைந்துகொண்டு அதைக் கேட்டபோது, நான் இன்னும் மெஸ் கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கிறேனோ என்று சந்தேகம் வந்தது.

“நம்மூர்க்காரவுகளா? எங்க போறிய?” என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. தலையில் சாக்கைக் கொங்காணி போட்டு, இடுப்பில் மூடிய கூடையோடு ஒரு நடுவயது அம்மாள். பெயர் பேச்சியம்மாள். இது தாராவி என்றும், புருஷன் இங்கே தோல் கிடங்கில் வேலை செய்கிறான் என்றும், தான் மாதுங்காவுக்குத்தான் போவதாகவும் சொன்னாள். பின்னால் நடந்தேன். கூடைக்குள் ஏதோ பிராண்டியது. கேட்டதும் மூடியைத் தூக்கிக் காட்டினாள். சாம்பல் நிறத்தில், உடம்பெல்லாம் முள் முள்ளாக இறகு முளைக்கும் இரண்டு குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். மாதுங்காவில் நாலு கட்டடங்களுக்குப் பொதுவாக ஒரு தோட்டம். நடுவில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். மழைக்காலம் வந்தால் கொக்கும், இராக்கொக்கும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். தாய்ப் பறவைகள் செம்பூர்ப் பக்கத்துச் சேற்றில் பிடித்த மீனைக் கொண்டு வந்து ஊட்டும்போது பாதி கீழே விழுந்துவிடும். ஐயர்மார் அதைக் கையால் தொட மாட்டார்களே. அதனால் மழைக்காலம் முழுவதும் தினமும் காலையில் பேச்சியம்மாள் போய்ப் பொறுக்கிச் சுத்தம் செய்துவிட்டு வருவாள். தவறி விழுந்த குஞ்சுகளைத் தாராவிக்கு எடுத்துக்கொண்டு போய், தினமும் கூடையிலேயே கூடக் கொண்டு வந்து அதே மீனை ஊட்டி வளர்த்து, பறக்கிற பருவத்தில் மரத்தடியில் விட்டுவிடுவாள். எட்டு வருஷமாக இப்படித்தானாம்.

“நாளைக்கு அதை வெட்டிப் போடுதாவ ஐயா,” என்றாள். “மாப்ள வீட்டுலேர்ந்து யாரோ ஒரு பெரிய ஆசாரக்காரரு வந்திருக்காராம். அவரு தலையில மீன் விழுந்திரக் கூடாதாம். அவருக்கு ஒரு தலை. குஞ்சுகளுக்கு நூறு தலை இருக்கு. யாரு கேக்கா?”

என் தலையைத் துடைத்துக்கொண்டு நடந்தேன்.

போன வருஷம் திருச்சூரிலிருந்து பெண் பார்க்க வந்த ஒருவரின் தோளில் ஒரு கெண்டை மீன் விழுந்து, அவர் அடுத்த ரயிலில் திரும்பிவிட்டார் என்பதையும் அவளேதான் சொன்னாள். இரண்டாவது முறையும் அப்படி நேர்ந்தால் பெண்ணைப் பற்றியே கதை கட்டிவிடுவார்கள் என்று சிவராமையர் பயந்துபோனார். நாலு கட்டடத்துப் பெரியவர்களையும் கெஞ்சிச் சம்மதிக்க வைத்துவிட்டார். மரம் வெட்டுகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஒழிந்தது. காலை பத்து மணிக்கு வருகிறார்கள். சாயங்காலம் நான் முன் வாசல் வழியாகக் கௌரவமாக நுழைய வேண்டியது.

மெஸ்ஸுக்குப் போகும் திருப்பத்தில் அவள் வழி காட்டினாள். நான் திரும்பாமல் அவள் பின்னாலேயே தோட்டம் வரை போனேன்.

மழை விட்டிருந்தது. மரம் அந்தத் தோட்டம் முழுவதையும் குடையாய் மூடி நின்றது. பச்சைக்குள் வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள். ஒன்று இறங்கும், நாலு கழுத்து எழும்பும், பிறகு அடங்கும். ஈர வெயிலில் புல்லெல்லாம் சுண்ணாம்பு தெளித்தாற்போல் இருந்தது. முன் வாசலில் சுண்ணாம்பு என்று சிவராமையர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. மேலே ஓயாத ஒரு முணுமுணுப்பு, பெரிய கல்யாணக் கூட்டம் கொஞ்சம் தள்ளி எங்கோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி. எவ்வளவு நேரம் அண்ணாந்து நின்றேனோ தெரியாது. கழுத்து வலித்தபோதுதான் எனக்குக் கழுத்து இருப்பதே நினைவு வந்தது.

அப்போதுதான் அந்தக் குடைகளைக் கவனித்தேன். கேட்டருகே ஒரு கம்பியில் இருபது பழங்குடைகள்; மாடிப்படிக்குக் கீழே இன்னொரு கம்பி. உள்ளே வருகிறவர் கேட்டில் ஒன்றை எடுத்து விரித்து, மரத்தடியைக் கடந்து, படியில் மாட்டுவார். வெளியே போகிறவர் அதையே எடுத்து வந்து கேட்டில் மாட்டிவிட்டு ஆபீஸுக்குப் போவார். காலையில் குடைகளெல்லாம் கேட்டுக்கு வந்துவிடும், சாயங்காலம் படிக்குத் திரும்பிவிடும். வடாம், அப்பளம் எல்லாம் மொட்டை மாடியில் ஓலைத் தடுக்குக்குக் கீழே காய்ந்தன. மடித்துணிக்குத் தனியாக ஒரு தகரக் கூரை. மீன் பட்டுவிட்டால் குளிக்க ஒரு குழாயும் தோட்டத்தின் மூலையில் இருந்தது. கொக்குக்கும் பிராமணனுக்கும் இப்படி ஒரு உடன்படிக்கை வேறெங்கும் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

லலிதா ஒரு குடையின் கீழ் வந்தாள். பேச்சியம்மாளிடம் இன்னொரு குஞ்சைக் கொடுக்க வந்தவள், என்னைப் பார்த்துத் திகைத்துப் போனாள். ஆனால் ஓடிவிடவில்லை. குஞ்சைக் கூடையில் வைத்துவிட்டு, குடையை என் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

“மாமா, இன்னும் மூணு வாரம் போனா எல்லாம் பறந்துடும்,” என்றாள். “அதுக்கப்புறம் வெட்டினா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அப்பா கேப்பார்.”

மாப்பிள்ளை வீட்டார் அப்படியெல்லாம் அபிப்பிராயம் சொல்வது வழக்கமில்லை என்று, அண்ணா உருப்போட்டுக் கொடுத்ததை ஒப்பித்தேன்.

“அப்போ சம்பந்தம் வேண்டாம்னு இன்னிக்கே சொல்லிட்டுக் கிளம்பிடுங்கோ. வெட்ட வேண்டிய அவசியமே இருக்காதே,” என்றாள். கோபமே இல்லை. கத்தரிக்காய் விலை கேட்கிற குரலில் சொன்னாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மெஸ்ஸுக்கு வந்து அன்று பகல் முழுவதும் யோசித்தேன். மரத்தை விட்டுவிடுங்கள் என்று நேரே சொன்னால், சிவராமையர் இரண்டு நாளாகப் பாடுபட்டுக் கட்டிய பொய்யெல்லாம் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். அந்த மனுஷர் கூசிப் போவார். அதோடு, நாளைக்கே நாங்கள் வேண்டாம் என்று எழுதிவிட்டால், மரத்தையும் விடச் சொல்லிப் பெண்ணையும் விட்டான் என்று ஆகும். சுருக்கமாகச் சொன்னால், எனக்குத் தைரியம் இல்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே சிவராமையர் வந்துவிட்டார். செம்பூரில் காற்று நன்றாக இருக்கும், போய்ப் பார்த்துவிட்டு மத்தியானம் திரும்பலாம் என்றார். எதற்காக என்னை அப்புறப்படுத்துகிறார் என்பது தெரிந்தே கிளம்பினேன். குர்லாவில் வண்டி மாறி, ஒரு சின்னக் கரி வண்டியில் போய் இறங்கினோம். அங்கங்கே நாலைந்து வீடுகள், பனை மரங்கள், அப்பால் கண்ணுக்கு எட்டிய மட்டும் சேறும் தண்ணீரும். வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். எது முடிந்து எது ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியவில்லை. அந்தச் சாம்பலில் நூற்றுக்கணக்கான கொக்குகள் ஒற்றைக் காலில் நின்றன. ஒன்று குனியும், நிமிரும், தொண்டை கனக்கக் கிளம்பி மேற்கே பறக்கும். அடுத்து இன்னொன்று. எல்லாம் ஒரே திசையில், ஒரே உயரத்தில், அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தன.

எங்கே போகின்றன என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டது தப்புதான்.

சிவராமையர் விரித்திருந்த குடையை மடக்கினார். பிறகு, மேல் வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா இல்லை என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். குடை ஏற்பாடே அவர் செய்ததாம். எட்டு வருஷத்துக்கு முன் எல்லோரும் மரத்தை வெட்ட வேண்டும் என்றபோது, லலிதா சின்னவள், அழுதாளாம். அவளுக்காக வீடு வீடாகப் போய்ப் பழங்குடை சேகரித்தாராம்.

“இப்போ அவளுக்காகத்தான் வெட்டறேன்,” என்றார். “அவ எங்கிட்ட மூணு நாளா பேசல்லை.”

அண்ணா முகம் கண் முன்னால் வந்தது. மூட்டு வலியோடு சேர்ந்து வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதாகப் பத்து நிமிஷம்.

“சிவராமையர், எனக்குப் பசிக்கிறது. உங்க ஆத்துக்குப் போய் இலை போட்டுச் சாப்பிடலாமா?” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். “நீங்க கை நனைக்கப்படாதே,” என்றார்.

“தெரியும்,” என்றேன்.

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் ஸ்டேஷனைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். நானும் ஓடினேன். வண்டி தயாராக நின்றது. நாங்கள் ஏறியதும் கிளம்பியது. அரை மைல் போய் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் எருமைகள் படுத்திருந்தன. டிரைவர் ஊதினான். அவை காதை மட்டும் ஆட்டின. அவசரமில்லாத ஒரு காய்கறிக்காரர் எங்களைப் பார்த்து மராத்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். ரயில் வருவதற்கு முன்னாலிருந்தே அவை அங்கேதான் படுக்கின்றன என்று சொல்கிறாராம். இதைத் தமிழாக்கிய சிவராமையர் சிரிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலைக்கு மேல், கொக்குகள் எங்களைத் தாண்டி மாதுங்காவுக்குப் போய்க்கொண்டிருந்தன.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது பத்தே முக்கால். பாதி வெட்டிய ஒரு கிளையைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். சிவராமையர் குடை எடுக்காமலே உள்ளே ஓடி, அவர்கள் பிடித்திருந்த கயிற்றைத் தானும் பிடித்துக்கொண்டு, போதும் என்றார். ஆனால் கிளை அதற்குள் முறிந்துவிட்டது. மெதுவாக, இலைகளெல்லாம் பெருமூச்சு விடுகிற மாதிரி, புல்லில் வந்து படுத்தது. மேலே பறவைகள் ஒட்டுமொத்தமாக எழுந்து ஆகாயம் வெள்ளையாகிவிட்டது.

அந்தக் கிளையில் ஐந்து கூடுகள் இருந்தன. லலிதாவும் பேச்சியம்மாளும் ஈர இலைகளுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஏழு குஞ்சுகள் பிழைத்தன. நாலு பிழைக்கவில்லை. நேற்றே நான் வாயைத் திறந்திருந்தால் அந்த நாலும் இருந்திருக்கும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

மரம் வெட்டுகிறவர்கள் கோடாலியை எடுத்துக்கொண்டு போனார்கள். பறவைகள் இரண்டு மூன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்தன. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது என் இடது தோளில் சில்லென்று ஏதோ விழுந்தது. விரல் நீளத்துக்கு ஒரு மீன். நாலு கட்டடத்து ஜன்னல்களிலும் நின்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். நான் மூலையிலிருந்த குழாயடிக்குப் போய்த் தலை முழுகினேன். சிவராமையர் தம்முடைய வேஷ்டி ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு, ஈரத் தலையோடு, முன் வாசல் வழியாக மாடி ஏறினேன்.

ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டிருந்தார்கள். க்வாக் சத்தத்துக்கு நடுவில் இலை போட்டார்கள். வெள்ளரிக்காய்ப் புளிசேரி, அவியல், பருப்புப் பாயசம். சாதம் மல்லிகைப் பூவாக இருந்தது. விசேஷத்துக்கென்று ரேஷனில் மிச்சம் பிடித்து வைத்திருந்த அரிசி அது என்றும், மிச்ச வாரத்துக்கு அவர்களுக்குக் கோதுமை ரொட்டிதான் என்றும் பிறகு தெரிந்தது. தெரியாததால் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன். லலிதா மோர் பரிமாற வந்தாள். எனக்கு ஊற்றிவிட்டுப் பக்கத்து இலைக்கு நகர்ந்தாள்.

“அப்பா, உங்களுக்கு உப்புப் போட்டதா, போடாததா?” என்றாள்.

சிவராமையர் கையால் ஏதோ ஜாடை காட்டினார். இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தாதருக்கு இரண்டு பேரும் வழியனுப்ப வந்தார்கள். வண்டி கிளம்பச் சில நிமிஷம் இருக்கையில் சிவராமையர் எனக்கு வாழைப்பழம் வாங்கப் போனார். லலிதா ஜன்னலருகே வந்தாள்.

“மாமா, உங்க ஆத்து வாசல்ல மரம் இருக்கா?” என்று கேட்டாள்.

இருந்தது. நல்ல உயரமான வாகை மரம். ஆறு வருஷத்துக்கு முன் அண்ணாவின் மூத்த பெண் கல்யாணத்தின்போது பந்தலுக்கு இடைஞ்சல் என்று அதை வெட்டினோம். காக்கைகள் இரண்டு நாள் கத்திக்கொண்டிருந்தன. ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தவன் நான்.

“இருக்கும்மா,” என்றேன். வண்டி நகர்ந்துவிட்டது.

கல்யாண் ஸ்டேஷனில் வண்டி நின்றதும் ஒரு தபால் கார்டு வாங்கி அண்ணாவுக்கு எழுதினேன். பெண் தங்கமானவள் என்றும், கை நனைத்துவிட்டேன், கோபிக்க வேண்டாம் என்றும் முதலில் எழுதினேன். மீதியிருந்த இடத்தில், வாசலில் உடனே ஒரு வாகைக் கன்று நடச் சொன்னேன். தபால் பெட்டி வரை போய்விட்டுத் திரும்பி, ஓரத்தில் இன்னொரு வரி சேர்த்தேன்: கூடுமானவரை பெரிய கன்றாகப் பார்த்து வாங்கவும்.